தோள் வலிக்கு மெஷின் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"பத்து நாள் கரண்ட் வைத்தேன், கை இன்னும் மேலே போகவில்லை." தோள் இறுகிப்போன பலர் இப்படிச் சொல்வதுண்டு. தோலில் பேட் ஒட்டி லேசான கரண்ட் செலுத்தும் டென்ஸ், ஐ.எஃப்.டி. போன்ற கருவிகள் வலியைத்தான் தணிக்கும், மூட்டைச் சுற்றி இறுகிய உறையைத் தளர்த்தாது. வலி அடங்கியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கையை அசைத்துப் பழக வேண்டும். கரண்ட் வைத்த கையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

வீட்டுக்கே டென்ஸ் வாங்கியவர்கள் அதன் பேடைக் (pad) கழுத்தின் முன்பக்கம் ஒட்டவே கூடாது. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் டென்ஸைத் தொட வேண்டாம். கரண்ட் அளவைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் தப்புக் கணக்கு. கூச்சம்போல் தெரிந்தால் போதும், வலிக்கக் கூடாது.

தோள் இறுக்கம் சுகர் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அவர்களில் சிலருக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும், அதனால் ஹாட் பேக் சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். துண்டைச் சுற்றி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தோலைப் பாருங்கள். அப்படியே தூங்கிவிடாதீர்கள்.

அடுத்தது புல்லி, அதாவது கையை மேலே தூக்க உதவும் கப்பி. கதவில் மாட்டிக் கயிற்றை இழுப்பதுதானே என்று தோன்றும். ஆனால் பக்கவாதம் வந்த கைக்கு இது நல்லதல்ல. 28 நோயாளிகளை வைத்து 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், புல்லி பயன்படுத்திய குழுவில் 62 சதவீதம் பேருக்குத் தோள் வலி வந்தது. பிசியோதெரபிஸ்ட் கையால் அசைத்துவிட்ட குழுவில் 8 சதவீதம்தான். தசை தளர்ந்த கையில் தோள்பட்டை எலும்பு கூடவே சுழன்று வராது. கயிறு கையை மட்டும் மேலே இழுக்கும், நடுவில் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) நசுங்கும். அம்மா அப்பாவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தே பல வீடுகளில் இதை மாட்டுகிறார்கள், அதுதான் மனதை வருத்துகிறது. தோளில் தசைநாண் தையல் போட்டவர்களும் சர்ஜன் சொல்லும் நாள்வரை புல்லியைத் தொடக் கூடாது.

தசையைப் படபடவென்று தட்டும் மசாஜ் கன் வைத்திருக்கிறீர்களா? எலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கமும் வைக்காதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சரி, கை எவ்வளவு மேலே போகிறது என்று போன் ஆப்பில் கோணம் அளப்பவர்களுக்கு ஒன்று. உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தாலோ தோளைக் காதுவரை ஏற்றினாலோ எண் கூடும், ஆனால் மூட்டு அவ்வளவு திறந்திருக்காது. கண்ணாடி முன் நின்று, இரண்டு தோளும் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அளவெடுங்கள்.