லட்லோவை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க
இங்கிலாந்தின் லட்லோவுக்குத் திங்கள், புதன், வெள்ளி, சனி இந்த நாலில் ஒரு நாள் போங்கள், அன்றுதான் கோட்டை வாசலுக்கு எதிரே சந்தை கூடும். ஷ்ரூஸ்பரியிலிருந்து ஹெரிஃபோர்டு போகும் ரயிலில் வந்து இறங்கினால் ஊருக்குள் நடந்தே போய்விடலாம்.

முதலில் கோட்டை, இங்கே அவசரம் வேண்டாம். வேல்ஸ் எல்லையைக் காக்க 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் கட்ட ஆரம்பித்தது. எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502இல் இங்கேதான் இறந்தார், அவர் பிழைத்திருந்தால் தம்பிக்கு அரியணை ஏது?

அப்புறம் புனித லாரன்ஸ் தேவாலயம். பாடகர் இருக்கைகளின் அடியில் இருக்கும் மரச் சிற்பங்களைக் குனிந்து பாருங்கள், பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். 1619இல் எழுந்த ஃபெதர்ஸ் விடுதியை வெளியே நின்று பார்த்தாலே போதும்.

பிராட் தெருவில் இறங்கி, பழைய நகர வாயிலைத் தாண்டி, பாலத்தில் டீம் ஆற்றைக் கடந்து விட்கிளிஃப் மேட்டில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்தால் வழுக்கும்.