வம்சாவளிப் பேப்பர் உள்ள பூனையில் குட்டி எடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

"அக்கா, பர்மீஸ் பெண் குட்டி ஒண்ணு வாங்கியாச்சு, கடுவன் எங்கே கிடைக்கும்?" இப்படித்தான் எனக்கு வாட்ஸ்அப் வரும். பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன், பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பூனைக்கு இடம் இருக்கிறது? இப்போது இருக்கிற பூனையை மட்டும் சொல்லவில்லை, நீங்கள் விற்ற குட்டி ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வரும். வாங்கினவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோவார், பிள்ளைக்கு இழுப்பு வரும், வீட்டுக்காரர் காலமாகிவிடுவார். பூனை 15 வருடம் கூட வாழ்கிற பிராணி, சில அதற்கு மேலும் போகும். அப்படித் திரும்புகிற பூனையை நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அது எஸ்பிசிஏ என்ற பிராணி நலச் சங்கத்தின் கூண்டுக்குத்தான் போகும், அங்கே ஏற்கெனவே இடம் இல்லை. அதனால் என் கணக்கு ரொம்பச் சின்னது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிற என் வீட்டில் அதிகபட்சம் ஆறு பூனைகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியும். அதில் இரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், திரும்பி வருகிறவர்களுக்காக. குட்டி போடுகிற பூனை இரண்டு, வயதாகி ஓய்வெடுப்பவை இரண்டு. இதற்கு மேல் எனக்கு ஆசை இருந்தாலும் இடம் இல்லை. உங்கள் எண்ணிக்கையை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

வீடு என்று சொன்னேன் இல்லையா, இங்கே சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் பாதி வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை. பருவத்துக்கு வந்த பெண் பூனை இரவு இரண்டு மணிக்குக் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? யாரோ குழந்தையைக் கிள்ளுகிற மாதிரி இருக்கும், அதுவும் ஒரு வாரத்துக்கு. பக்கத்து வீட்டு அன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு டப்பா முறுக்கும் கொடுத்து வைப்பது நல்லது. காம்ப்ளெக்ஸில் பிளாட் என்றால் டிரஸ்டிகளின், அதாவது கட்டட நிர்வாகக் குழுவின், எழுத்து மூலமான அனுமதி வேண்டும், தகுந்த காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது, ஆனால் கேட்காமல் வைத்துக்கொண்டு பிறகு சண்டை போடாதீர்கள். நகராட்சியிலும் எத்தனை பூனை வைக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். பூனையை வெளியே அவிழ்த்து விடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பின்கட்டு வராண்டாவுக்குக் கம்பி வலை அடியுங்கள், கோழி வலை போதாது, குரங்கு அதைப் பிய்த்துவிடும். எங்கள் தெருவில் குரங்குக் கூட்டம் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போகிற மாதிரி வரும்.

சரி, இப்போது இனத்துக்கு வருவோம். எந்த இனம் எடுத்தாலும் அதன் அழகைப் படிப்பதற்கு முன் அதன் நோயைப் படியுங்கள். பெர்ஷியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, மெயின் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதயத் தசை தடிப்பது, இவற்றுக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. ஆனால் இதய நோய்க்கு மரபணு சரி என்று வந்தாலும் ஸ்கேன் எடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தெரிந்த அந்த மாற்றம் இல்லாத பூனைக்கும் நோய் வருகிறது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டை நான் எடுக்கவே மாட்டேன், யார் கேட்டாலும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காதை மடக்குகிற அதே மரபணுதான் அதன் மூட்டையும் கெடுக்கிறது, அந்த அழகே வலிதான்.

நான் வைத்திருப்பது பர்மீஸ். 1930-ல் பர்மாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் போன வோங் மாவ் என்ற ஒரு பெண் பூனையை வைத்துத் தொடங்கிய இனம், அதனால் ரத்தம் குறுகியது. இதில் ஹைப்போகலீமியா என்று ஒன்று வரும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிடும், சில மாதக் குட்டி திடீரென்று கழுத்தைத் தூக்க முடியாமல் தரையைப் பார்த்தே நடக்கும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடம் மட்டும் இருந்தால் குட்டி அதைச் சுமக்கும், நோய் வராது. சுமக்கிற இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்றுக்கு நோய் வர வாய்ப்பு, சுமக்கிற ஒன்றையும் சுத்தமான ஒன்றையும் சேர்த்தால் யாருக்கும் வராது. அதனால் சோதனையில் "சுமப்பவள்" என்று வந்த உடனே அந்தப் பூனையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இருக்கிற கொஞ்ச ரத்தத்திலும் நல்ல பூனைகளைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? கேங்ளியோசிடோசிஸ் என்ற மூளை நோய்க்கும் சோதனை உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தேய்த்து அனுப்புவதுதான் வேலை. பிரிட்டோரியா பக்கம் ஆண்டர்ஸ்டபோர்ட்டில் பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபணு ஆய்வகம் இருக்கிறது, எந்தச் சோதனை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பர்மீஸுக்குச் சர்க்கரை நோயும் அதிகம், அதற்கு இப்படி ஒரு பஞ்சுச் சோதனை கிடையாது. பாட்டன் பாட்டிக்குச் சர்க்கரை இருந்ததா என்று பிரீடரிடம் வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

நெருங்கிய சொந்தம் என்கிற விஷயம் நமக்குப் புரியாதது இல்லை. மாமன் மகளைக் கட்டினால், ஒரே முன்னோரின் மரபணு இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர 6.25 சதவீதம் வாய்ப்பு, தாய்மாமனையே கட்டினால் 12.5 சதவீதம் என்று டாக்டர்கள் கணக்குச் சொல்வார்களே, பூனைக்கும் அதே கணக்குதான். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் 25. வம்சாவளித் தாளில் நாலு தலைமுறை பார்த்து ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா என்று பேனாவால் வட்டம் போடுங்கள். நான் வட்டம் போட்ட முதல் தாள் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது, அந்தச் சேர்க்கையை அப்படியே விட்டுவிட்டேன்.

பெண் பூனையை வாங்கும்போது "குட்டி எடுக்கலாம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வீட்டு வளர்ப்புக்கு மட்டும் என்று கொடுத்த பூனையின் குட்டிக்குப் பேப்பர் வராது. சதர்ன் ஆப்பிரிக்கா கேட் கவுன்சில் போன்ற பதிவு அமைப்பில் உங்கள் கேட்டரிக்கு (பூனை வளர்ப்பகத்துக்கு) ஒரு பெயர் பதிவு செய்துகொள்ளுங்கள், முதல் குட்டி பிறப்பதற்கு முன்பே. அதற்கும் முன்னால் இரண்டு மூன்று பூனைக் கண்காட்சிகளுக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள். வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பழைய பிரீடர் ஒருவர் பழக்கமானால் அதுதான் பெரிய சொத்து, நடு இரவில் போன் எடுக்கிற ஆள் உங்களுக்கு வேண்டும்.

கடுவன் வாங்காதீர்கள். முதல் சில வருடங்களுக்காவது. அவன் சுவரெல்லாம் பீய்ச்சுவான், அந்த வாடை தலையணைக்குள் போய்விடும், கடைசியில் தனியாகக் கூண்டில் அடைப்பீர்கள், பாவம் அவனும் ஓர் உயிர். நல்ல கடுவன் இருக்கிற இடத்துக்கு உங்கள் பெண்ணை அழைத்துப் போங்கள். போவதற்குச் சில நாள் முன்பு இரண்டு பக்கமும் ரத்தப் புற்று வைரஸுக்கும் பூனை எய்ட்ஸுக்கும் சோதனை செய்து தாளைக் காட்டிக்கொள்ள வேண்டும், கூச்சப்படக் கூடாது. மூன்று நாலு நாள் விட்டு வையுங்கள், சேர்ந்த பிறகுதான் பூனைக்குக் கருமுட்டையே வெளிவரும், ஒரு தடவை போதாது. திரும்பி வந்ததும் ஜன்னலைப் பாருங்கள். அவள் இன்னும் சில நாள் கத்துவாள், அந்த நேரத்தில் தெருக் கடுவன் ஒருவன் உள்ளே புகுந்தால் ஒரே பிரசவத்தில் இரண்டு தகப்பன் சாத்தியம். பெண்ணுக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு பிரசவம், ஐந்து வயதில் கருத்தடை. இது என் விதி.

தேதிக் கணக்கு நம் ஊருக்குத் தனி. பகல் நீள நீளத்தான் பூனைக்குப் பருவம் வரும், இங்கே டர்பனில் அது ஆகஸ்ட் வாக்கில் ஆரம்பித்துப் புரட்டாசியில் சூடு பிடிக்கும். நாம் விரதம் இருக்கிற மாதத்தில் அவள் கூரையைப் பிய்ப்பாள். சினை 63 முதல் 66 நாள். செப்டம்பர் தொடக்கத்தில் சேர்த்தால் நவம்பர் தொடக்கத்தில் குட்டி, அதாவது பல வருடங்களில் சரியாகத் தீபாவளி வெடி நேரத்தில். என் முதல் பிரசவம் அப்படித்தான் ஆனது. பக்கத்துத் தெருவில் சரவெடி, இவள் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அலமாரி, கட்டிலடி, வாஷிங் மெஷின் பின்புறம் என்று மாறி மாறி ஓடினாள். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாறும் என்று எங்கள் ஆயா சொல்வார்கள், அன்று ஒரே இரவில் ஏழும் முடிந்தது. அதிலிருந்து காலண்டரில் தீபாவளிக்கு வட்டம் போட்ட பிறகுதான் கடுவன் வீட்டுக்குப் போன் செய்கிறேன்.

பிரசவத்துக்கு ஓர் உயரமான அட்டைப் பெட்டி, பழைய பருத்தித் துணி, இருட்டான மூலை. பெட்டியையும் தரையையும் ஜேய்ஸ் ஃப்ளூயிட் ஊற்றிக் கழுவாதீர்கள், டெட்டாலும் வேண்டாம். அந்த வகை மருந்தைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது, அது காலை நக்கினாலே உள்ளே போய்விடும். நன்றாகத் தண்ணீர் கலந்த ஜிக் ப்ளீச் போட்டு, அலசி, காய விடுங்கள். பலமாக முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை என்றால் டாக்டரிடம் ஓட வேண்டும், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று பார்த்தவர்கள்தான் பூனையையும் குட்டியையும் சேர்த்து இழந்தவர்கள். சிசேரியன் பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் இதில் இறங்காதீர்கள். அது இரவு நேர, வார இறுதிக் கட்டணத்தில்தான் வரும், எப்போதும்.

அப்புறம் தராசு. சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் காட்டுவது. குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். போன வருடம் ஒருத்தி 71 கிராமில் பிறந்தாள். நான் அவளை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் துணி விரித்து எடை போடுவேன், எண் நிற்கவே நிற்காது, 73, 72, 74, அவள் நெளிவதற்கு ஏற்ப ஆடும். இரண்டாம் நாள் 69. கையில் எடுத்தால் வாய்க்குள் குளிர்ச்சி. இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், உடனே பாலைப் புகட்டிவிடுவார்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, மெதுவாக, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டால் போதும், உடம்பு வெதுவெதுப்பானதும் பூனைக்குட்டிக்கு உள்ள பால் பவுடர். மாட்டுப் பால் வேண்டாம். இரண்டு மணிக்கொரு தடவை என்று நாலு நாள். ஐந்தாம் நாள் 84 காட்டியது, எனக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் ஹீட்டர் விளக்கை மட்டும் நம்பாமல் வெந்நீர்ப் பை ஒன்றைத் துணி சுற்றித் தயாராக வையுங்கள்.

பீனிக்ஸில் ஒரு தோழிக்கு நடந்தது வேறு கதை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், நாலு குட்டி, நல்ல எடை, நன்றாகப் பால் குடித்தன, இரண்டாம் நாள் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போய் மூன்று இறந்தன. தாயின் ரத்தம் பி வகை, கடுவன் ஏ வகை. பி வகைத் தாயின் சீம்பாலில் ஏ வகை ரத்தத்தை அழிக்கிற பொருள் பிறவியிலேயே இருக்கும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ், பிர்மன் எல்லாவற்றிலும் பி வகை நிறைய, சயாமிலும் பர்மீஸிலும் அநேகமாக இல்லை. சேர்ப்பதற்கு முன் ஒரு ரத்த வகைச் சோதனை செய்திருந்தால் வேறு கடுவனைப் பார்த்திருக்கலாம், இல்லை என்றால் முதல் நாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் விடாமல் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். தெரியாமல் போனது.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை குட்டிகளை மனிதர்கள் கையில் எடுக்க வேண்டும், பல பேர், பல குரல், மிக்ஸி சத்தம், பிள்ளைகள் ஓடுவது. பூட்டிய அறையில் சுத்தமாக வளர்த்த குட்டி பின்னாளில் கட்டிலடியை விட்டு வராது. தடுப்பூசி எட்டு ஒன்பது வாரத்தில் தொடங்கும், 12 வாரத்தில் இன்னொன்றும் வெறிநோய் ஊசியும். வெறிநோய் ஊசி சட்டப்படி கட்டாயம், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நோய் உண்மையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள். 12 வாரத்துக்கு முன் குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள், மைக்ரோசிப் இல்லாமலும் கொடுக்காதீர்கள்.

கருத்தடை செய்யாமலும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் இரண்டாவது பிரசவத்தில் ஒரு பெண் குட்டியை, "ஆறு மாதத்தில் நாங்களே செய்துவிடுகிறோம்" என்ற வாக்கை நம்பிக் கொடுத்தேன், நல்ல குடும்பம், கோவிலில் பார்க்கிற முகம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு விளம்பரப் படத்தில் அவளைப் பார்த்தேன், இடது காதில் இருந்த ஒரு வெட்டை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பேப்பர் இல்லாத குட்டிகளோடு, எலும்பு தெரிய. விலை கொடுத்துத்தான் மீட்டேன். நான் காலியாக வைத்திருந்த அந்த இரண்டு இடத்தில் ஒன்றில் இப்போது அவள் தூங்குகிறாள். அன்றிலிருந்து வளர்ப்புக்குப் போகிற குட்டி, எடை ஒரு கிலோ தாண்டியதும், கருத்தடை முடித்துத்தான் வாசலைத் தாண்டும்.

வாங்க வருகிறவர்களிடம் என்ன கேட்பது? விலையை முதல் வார்த்தையாகக் கேட்கிறவர்களிடம் நான் அவசரப்படுவதில்லை. ஊருக்குப் போனால் பூனையை யார் பார்ப்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, பூச்சாடியில் லில்லி வைப்பீர்களா (லில்லியின் மகரந்தம் கூடப் பூனையின் சிறுநீரகத்தை முடித்துவிடும்) என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும்: எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் குட்டி எனக்கே திரும்ப வர வேண்டும், கேள்வி கேட்க மாட்டேன்.

கொடுத்தனுப்பும்போது தடுப்பூசி அட்டை, தாய் தகப்பனின் சோதனைத் தாள்கள், பழகின தீனி ஒரு வாரத்துக்கு, தாய் படுத்த துணியில் ஒரு துண்டு. மூன்றாம் நாள் நானே போன் செய்வேன். அநேகமாக "இன்னும் சோபாவுக்கு அடியிலேயே இருக்கிறது அக்கா" என்பார்கள். தீனித் தட்டை அங்கேயே தள்ளி வைத்துவிட்டு, நீங்களும் தரையில் படுத்துக்கொண்டு டிவி பாருங்கள் என்று சொல்வேன்.