'மெட்ஷென் இன் யூனிஃபார்ம்' படத்தைப் பார்ப்பது எப்படி

1931-இல் வெளிவந்த இந்த ஜெர்மன் படத்தைப் பார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு எதிர்பார்ப்புகளில் ஒன்றோடு வருகிறார்கள். சிலர் இது திரையில் பெண்கள் இருவருக்கிடையிலான காதலை வெளிப்படையாகச் சொன்ன தொடக்ககாலப் படங்களில் ஒன்று என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். வேறு சிலர் ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குச் சற்று முன் எடுக்கப்பட்ட, பிரஷ்ய (பழைய ஜெர்மனியின் ராணுவ மரபு மிக்க அரசின்) ஒழுங்குமுறைக்கு எதிரான படம் என்று வாசித்துவிட்டு வருகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் மற்றது பின்னணியாகத் தேய்ந்துவிடும். இரண்டும் ஒரே கதைதான் என்பது தெரியும்படி இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. அதைச் சொல்லும்போது கதையின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால், முடிவை அறியாமல் பார்க்க விரும்புபவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு இதற்குத் திரும்பலாம்.

பார்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது மிகக் கொஞ்சம். கதை நடப்பது பெர்லினை அடுத்த போட்ஸ்டாம் நகரின் பெண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில். அங்கே புதிதாகச் சேரும் மனுவேலா என்ற சிறுமி, ஆசிரியை பெர்ன்பூர்க் மீது காதல் கொள்கிறாள். கிறிஸ்டா வின்ஸ்லோ எழுதி 1930-இல் லைப்சிக் நகரில் அரங்கேறிய நாடகமே படத்தின் மூலம். போட்ஸ்டாமில் உறைவிடப் பள்ளியில் படித்த தம் சொந்த அனுபவத்திலிருந்து அவர் அதை எழுதினார். பெர்லின் மேடையில் அந்நாடகத்தை இயக்கிய லியோன்டினே சாகன் படத்தையும் இயக்கினார். நடித்தவர்கள் அனைவரும் பெண்கள். கதையில் ஓர் ஆண் கதாபாத்திரம்கூட வருவதில்லை. தயாரிப்பும் கூட்டுறவு முறையில் நடந்தது. பங்கேற்றவர்கள் வழக்கமான சம்பளத்துக்குப் பதிலாக வருவாயில் பங்கு பெறுவதாக ஒப்புக்கொண்டார்கள். மேற்பார்வையாளராக இருந்த கார்ல் ஃப்ரோலிஷ் பிற்காலத்தில் நாஜி அரசின் திரைப்பட அவைக்குத் தலைவரானார் என்பதைப் படம் முடிந்தபின் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே நினைத்தால் அது உங்கள் பார்வையைக் கெடுக்கும்.

அடுத்தது பிரதியைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவில் முதலில் தணிக்கையின் மறுப்பைச் சந்தித்து, வெட்டுகளுக்குப் பிறகே 1932-இல் திரைக்கு வந்த படம் இது. எனவே கையில் கிடைக்கும் பிரதி எந்த வழியில் வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. நான் ஒரே ஒரு சோதனையைப் பரிந்துரைப்பேன். படத்தின் இறுதிப் பகுதியில் ஆசிரியை பெர்ன்பூர்க் தலைமையாசிரியையிடம் வாதிடும் இடத்திற்குச் செல்லுங்கள். "நீங்கள் பாவம் என்று அழைப்பதை, ஆயிரம் வடிவங்கள் கொண்ட அன்பின் பெரும் ஆன்மா என்று நான் அழைக்கிறேன்" என்ற பொருளில் அவர் சொல்லும் வரி சப்டைட்டிலில் முழுமையாக இருந்தால் அந்தப் பிரதியை நம்பிப் பார்க்கலாம். அது மழுப்பப்பட்டிருந்தால் வேறு பிரதியைத் தேடுங்கள், ஏனெனில் மற்ற இடங்களிலும் அதே கை வேலை செய்திருக்கக்கூடும்.

இனிப் படத்திற்கு வருவோம். முதல் சில நிமிடங்களைக் கண்ணை விடக் காதால் பாருங்கள். போட்ஸ்டாமின் கற்சிலைகள், கோபுரங்கள், அணிவகுத்துச் செல்லும் வீரர்கள் என்று காட்சிகள் அடுக்கப்படுகின்றன. கூடவே மணியோசையும் ராணுவ ஊதுகொம்பின் ஒலியும் கேட்கின்றன. ஜெர்மன் சினிமா பேசத் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஒலியை வசனத்திற்கு மட்டும் பயன்படுத்தாமல், பள்ளியின் சுவருக்கு வெளியே இருக்கும் படைமுகாமைச் சுவருக்குள் கொண்டுவரப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாணவியர் அணியும் கோடு போட்ட சீருடை சிறைக்கைதியின் உடையை நினைவுபடுத்துவதும், வெளியே நடக்கும் அணிவகுப்பை உள்ளே வரிசையில் நடக்கும் சிறுமிகள் திரும்ப நடத்திக்காட்டுவதும் அதன் பிறகு தானாகவே விளங்கும்.

அடுத்து நீங்கள் விடாமல் கவனிக்க வேண்டியது மாடிப்படி. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது எந்தக் கதாபாத்திரமும் அல்ல, இந்தப் படிக்கட்டுதான். பள்ளியின் பிரதான படிகள் மாணவியருக்கு உரியவை அல்ல என்று புதிதாக வந்த மனுவேலாவுக்கு ஆரம்பத்திலேயே சொல்லப்படுகிறது. அதன்பின் கேமரா அந்தக் கூண்டுபோன்ற ஆழத்தை மேலிருந்தும் கீழிருந்தும் மீண்டும் மீண்டும் காட்டுகிறது. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், கைத்தடியின் ஓசையோடு யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பார்த்தால், இயக்குநர் அதிகாரத்தை வசனத்தில் விளக்காமல் கட்டடத்தில் வைத்திருப்பது தெரியும்.

தாயை இழந்த மனுவேலாவுக்கு வயது பதினான்கு. இரவில் ஆசிரியை ஒவ்வொரு படுக்கையாக வந்து முத்தமிட்டு விடைபெறும் காட்சியைப் பார்க்கும்போது, அந்தத் தருணத்திற்காக வரிசையாகக் காத்திருக்கும் மற்ற சிறுமிகளின் முகங்களையும் விடாமல் பாருங்கள். அந்த வீட்டில் அன்பு என்பது அளந்து கொடுக்கப்படும் பண்டம், சோறும் அப்படித்தான். ஒழுக்கத்தாலும் பசியாலும்தான் நாம் மீண்டும் உயர்வோம் என்று தலைமையாசிரியை சொல்லும் வரியையும், சாப்பாட்டைப் பற்றிப் புகார் எழுதி ரகசியமாக வெளியே அனுப்ப முயலும் இல்ஸே என்ற மாணவியையும் இந்தக் காட்சியோடு சேர்த்து வையுங்கள். காதலும் கலகமும் ஒரே பட்டினியிலிருந்து கிளம்புவது அப்போது புலப்படும். மனுவேலாவின் கிழிந்த உள்சட்டைக்குப் பதிலாக ஆசிரியை தன்னுடையதைக் கொடுக்கும் சிறு காட்சி, ஆடையளவில் பார்த்தால் ஒரு பரிசு. சீருடையைத் தவிர வேறொன்றும் சொந்தமில்லாத இடத்தில் அது விதிமீறல்.

இல்ஸேயின் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் நடிகர் ஹான்ஸ் ஆல்பர்ஸின் படத்தையும் தவறவிடாதீர்கள். அந்தக் காலத்துச் சினிமா நட்சத்திரம் அவர். மன்னராட்சிக் காலத்துப் பழைய கதைபோலத் தோன்றுவது உண்மையில் 1931-இன் நிகழ்காலம் என்பதை அந்த ஒரு படமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தலைமையாசிரியையின் பிறந்தநாள் விழாவில் மாணவியர் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் 'டோன் கார்லோஸ்' நாடகத்தை நடிக்கிறார்கள்; மனுவேலா இளவரசன் வேடத்தில் வருகிறாள். ஆண் உடையில், பஞ்ச் என்ற மதுக்கலவை குடித்த மயக்கத்தில், தன் ஆசிரியை மீதான காதலை அவள் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, அதுவரை அவள் எத்தனை முறை குரல் உயர்த்திப் பேசியிருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு மேல் கதையைச் சொல்ல வேண்டியதில்லை, முடிவைத் தவிர. மேடை நாடகத்தில் மனுவேலா இறந்துபோகிறாள். படத்தில் சக மாணவியர் அவள் பெயரைக் கூவித் தேடி, படிக்கட்டின் உச்சியிலிருந்து குதிக்கப்போன அவளை மீட்டுவிடுகிறார்கள். இந்த மாற்றத்தைச் சமரசம் என்று சொல்பவர்கள் உண்டு. விலக்கப்பட்ட படிகளில் மாணவியர் எல்லோரும் ஒருசேர ஏறி ஓடும் காட்சியைப் பார்த்தபின் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

பார்த்து முடித்தபின் வாசிக்க விரும்பினால், எதிரெதிரான இரு திரைப்பட விமர்சகர்களை வாசியுங்கள். சீக்ஃபிரீட் க்ராகவர் 1947-இல் வெளியிட்ட நூலில், இந்தப் படம் அதிகாரத்தைக் கனிவாக்கக் கேட்கிறதே தவிர அதன் அடிப்படையை அசைப்பதில்லை என்ற நோக்கில் எழுதினார். 1980-களின் தொடக்கத்தில் பி. ரூபி ரிச், பெண்களுக்கிடையிலான காதலை ஒதுக்கிவிட்டு இதை வெறும் அரசியல் படமாக வாசிப்பது படத்தையே தவறவிடுவது என்று வாதிட்டார். நான் ரிச் பக்கம் சாய்கிறேன். ஆனால் ஒரு சங்கடத்தை மறைக்க மாட்டேன். ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையே வயதும் அதிகாரமும் சமமாக இல்லை. ஆசிரியையாக நடித்த டொரோதியா வீக்கும் மாணவியாக நடித்த ஹெர்தா தீலேவும் இருவருமே 1908-இல் பிறந்தவர்கள் என்பதால் திரையில் அந்த இடைவெளி குறைந்து தெரிகிறது. பெர்ன்பூர்க்கின் கனிவு சிறுமியரைக் காப்பாற்றுகிறதா, அல்லது அவர்களை அந்த அமைப்புக்குள் பொறுத்திருக்க வைக்கிறதா என்ற கேள்வியை நீங்களே எழுப்பிக்கொள்ளாவிட்டால், படத்தைப் பாதிதான் பார்த்திருப்பீர்கள்.

நண்பர்களுக்கோ திரைப்படக் கழகத்திலோ திரையிடுவதாக இருந்தால், தற்கொலை முயற்சி இடம்பெறுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற அறிமுகத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு விவாதத்தைப் பின்னால் வைப்பது நல்லது. படம் ஒன்றரை மணி நேரம்தான் ஓடுகிறது. 1958-இல் ரோமி ஷ்னைடரும் லில்லி பால்மரும் நடித்து வண்ணத்தில் வந்த மறு ஆக்கத்தை அதே நாளில் சேர்த்துத் திரையிட வேண்டாம், அதன் மெருகு முதல் படத்தின் கூர்மையை மழுங்கடிக்கும். மனுவேலாவைக் கண்டபின் தலைமையாசிரியை பேச்சின்றி இருண்ட நடைவழியில் மெல்ல விலகிச் செல்ல, வெளியே ஊதுகொம்பு மீண்டும் ஒலிக்கிறது. பலர் கதை முடிந்துவிட்டதென்று அப்போதே எழுந்துவிடுவார்கள். அந்த ஒலி அடங்கும்வரை விளக்கைப் போடாதீர்கள்.