ஏஐயிடம் கட்டுரை கேட்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பல வீடுகளில் ஒரே கூத்துத்தான். "விபுலாநந்தர் பற்றிக் கட்டுரை எழுதித் தா" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டு, வந்ததை அப்படியே கொப்பியில் இறக்கி, மனப்பாடம் செய்து முடித்துவிடுவார்கள். பிள்ளை பழகியது பார்த்து எழுதுவதை மட்டும். ஏஐயைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பாவிக்கிற ஆள்தான். வேலையின் வரிசையை மாற்றினால் போதும். தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் என்ற இதே தலைப்பை வைத்தே காட்டுகிறேன்.

1. போனைத் தள்ளி வையுங்கள்

கொப்பியையும் பேனையையும் எடுத்துத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். காரைதீவில் பிறந்தவர், யாழ் நூல் எழுதியவர், சமாதி கல்லடியில் இருக்கிறது, இவ்வளவுதான் வருகிறதா? சரி, அதையே எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். வசனம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். அடுத்து என்ன எழுதுவது என்று முழித்துக்கொண்டு இருக்கிற நேரம் இருக்கிறதே, எழுதப் பழகுவது அப்போதுதான், பலரும் ஏஐயிடம் தூக்கிக் கொடுப்பதும் அதைத்தான்.

2. இப்படிக் கேளுங்கள்

எழுதியதைத் தட்டச்சு செய்து, அதற்கு மேலே இதைப் போடுங்கள்: "நான் தரம் 10 மாணவன். இது என் கட்டுரையின் முதல் வரைவு. நீ திருத்தி எழுத வேண்டாம். எந்த இடம் விளங்கவில்லை, எதற்குச் சான்று இல்லை என்று பார்த்து ஐந்து கேள்வி மட்டும் கேள்."

யாழ் நூல் எதைப் பற்றியது, வழக்கொழிந்த யாழைப் பற்றி அவருக்கு எங்கிருந்து தெரிந்தது என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். இரண்டாவதற்குப் பதில் தேடிப் போனால் சிலப்பதிகாரத்தில் போய் நிற்பீர்கள், கட்டுரைக்கு உயிர் வருவதும் அங்கேதான். சில நேரம் சொல்வழி கேளாமல் முழுக் கட்டுரையையும் கொட்டிவிடும். அதை வாசிக்காமல், கேள்வி மட்டும் போதும் என்று திரும்பச் சொல்லுங்கள்.

3. ஆண்டு, ஊர், பேர் எல்லாவற்றையும் பிடித்துப் பாருங்கள்

அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்துக் கோர்ப்பதுதான் இந்தக் கருவிகளின் வேலை. அதனால் பிழையையும் சரியையும் ஒரே தெம்போடு சொல்லும். நம் ஊர்ச் சங்கதிகள் இணையத்தில் குறைவு என்பதால் இன்னும் கவனம் வேண்டும், காரைதீவைக் காரைநகராக்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் ஆச்சரியப்படாதீர்கள். "நீ சொன்னது பிழை" என்றால் உடனே மன்னிப்புக் கேட்டு வேறொன்றைச் சொல்லும், ஆகவே அதனிடமே திரும்பக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

சிவப்புப் பேனையால் கோடிட்டு, ஒவ்வொன்றையும் புத்தகத்தில் பாருங்கள். பொது நூலகத்துக்குப் போகலாம், போக முடியாவிட்டால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை இலவசமாக வாசிக்கலாம். இப்படிப் பார்த்தால் விபுலாநந்தர் பிறந்தது 1892, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானது 1931, யாழ் நூல் அரங்கேறியதும் அவர் மறைந்ததும் 1947.

அப்புறம் ஒரு சிக்கல் வரும். ஒரு புத்தகம் அவர் மட்டக்களப்பில் பிறந்தார் என்னும், இன்னொன்று அம்பாறை மாவட்டம் என்னும். இரண்டும் சரிதான், அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அவர் பிறந்தபோது காரைதீவு மட்டக்களப்போடுதான் இருந்தது. கட்டுரையில் எதைப் போடுவது, எப்படி விளக்குவது என்று நீங்களே யோசித்து முடிவெடுங்கள், இதை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

4. மூடிவிட்டு எழுதுங்கள்

திரையை மூடி, உங்கள் முதல் வரைவையும் குறிப்புகளையும் வைத்துப் புதிதாக எழுதுங்கள். "காலத்தால் அழியாத", "அளப்பரிய பங்களிப்பு" என்று வந்தால் வெட்டிவிடுங்கள். எந்த ஊர் ஆளுக்கும் பொருந்துகிற வசனம் அது. சத்தமாக வாசித்து, நாக்கு இடறுகிற இடத்தைத் திருத்துங்கள்.

5. சொல்லிவிடுங்கள்

ஏஐ பாவிக்கலாமா என்று முதலே ரீச்சரிடம் கேளுங்கள், போட்டி விதி கூடாது என்றால் கூடாதுதான். கூடுமென்றால் "கேள்விகளுக்கு மட்டும் ஏஐ பாவித்தேன்" என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். முழுப்பேர், பாடசாலை, அடையாள அட்டை இலக்கம் எதையும் உள்ளே போடாதீர்கள். சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை, 18க்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அதன் விதியிலேயே இருக்கிறது, ஆகவே தம்பி தங்கச்சிமார் கேட்டால் உங்கள் கணக்கைத் திறந்து கொடுக்காதீர்கள்.