பாடியை வாங்கும் முன்: காவல் மரணம், சந்தேக மரணம், காணாமல் போனவர்

காவலில் இருந்தவர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்ததும் முதல் கேள்வி, உடல் எந்த மார்ச்சுவரியில் இருக்கிறது என்பது. வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்றால் பெரும்பாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தண்டவாளத்தில் கிடைத்த உடல் ரயில்வே போலீஸ் கணக்கில் போகும். ஏரியா ஸ்டேஷனில் கேட்டால் கையை விரிப்பார்கள். அதனால் ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச். இரண்டிலும் ஆளுக்கொருவராகப் போய்க் கேளுங்கள்.

அடுத்தது, யார் விசாரிக்கிறார்கள் என்பது. சாதாரணச் சந்தேக மரணத்தை பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 194-ஆம் பிரிவில் போலீஸே விசாரிக்கும். போலீஸ் காவலிலோ புழல் சிறையிலோ இறந்தால் 196(2)-ஆம் பிரிவு வரும்: நீதித்துறை நடுவர் விசாரித்தே ஆக வேண்டும். ‘ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) பார்த்துவிட்டார், போதும்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவர் விசாரணையில் உடனிருக்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு.

‘பாடியை வாங்க மாட்டோம்’ என்று ரோட்டில் உட்காருவது வடசென்னைக்குப் பழகிய வழி. அதற்கு வலு இருக்கிறது, ஆனால் அது பேச்சுவார்த்தை மேசை வரைக்கும்தான். கோர்ட்டில் நிற்பது காகிதம். காவல் மரணத்தில் பிரேதப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வகுத்த நெறிமுறைகளைச் சொல்லி, கையாலேயே ஒரு மனு எழுதுங்கள். கேட்க வேண்டியவை இவை: பரிசோதனைக்கு முன் உடலைக் குடும்பத்தார் பார்க்க வேண்டும், தடயவியல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், உடல் முழுக்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும், முழுவதையும் வீடியோ பதிவு செய்ய வேண்டும், அறிக்கை நகல் தர வேண்டும், உயர் நீதிமன்றம் போக இருப்பதால் உடலை 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும். கடைசி வரியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பாதிதான், ஏனென்றால் மறு பரிசோதனை கேட்க உடல் இருக்க வேண்டும்.

நடுவர், மருத்துவக் கல்லூரி டீன், இன்ஸ்பெக்டர் மூவருக்கும் கொடுத்து, உங்கள் நகலில் தேதியும் நேரமும் போட்டு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் 15100, இலவச சட்ட உதவி எண்.

கொலை, சந்தேக மரணம் போன்றவற்றில் பொழுது சாய்ந்த பிறகு பரிசோதனை கூடாது என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021 நவம்பர் உத்தரவு. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்றால் மட்டும் விலக்கு. மார்ச்சுவரி வாசலில் பெருங்கூட்டம் சேர்ந்தால் அதையே காரணமாகக் காட்ட முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

உடலைப் பார்க்கும்போது முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். புரட்டிப் போடச் சொல்லுங்கள். உள்ளங்கால், பிட்டம், மணிக்கட்டு, காதுக்குப் பின்புறம், உதட்டின் உட்பக்கம், நகம் எல்லாம் பாருங்கள். ஒவ்வொரு காயத்துக்கும் இரண்டு படம் எடுங்கள்: எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேர விவரமும் போய்விடும்; அசல் ஃபைல் போனிலேயே இருக்கட்டும். பின்னால் புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழோடு தாக்கல் செய்ய அதுதான் தேவை.

கறுத்த தோலில் ரத்தக்கட்டு மேலோட்டமாகத் தெரியாது. லத்தியால் உள்ளங்காலில் அடித்திருந்தால், கீறிப் பார்க்காமல் ‘காயம் இல்லை’ என்று எழுதிவிட முடியும். இறந்த பின் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்குவதாலும் தோல் நீலம் பாரிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். கீறிக் கழுவினால் தேங்கிய ரத்தம் போய்விடும். அடிபட்ட இடத்து ரத்தம் சதையோடு ஒட்டி நிற்கும். அதனால் ‘முதுகு, பிட்டம், கை கால்கள், உள்ளங்கால் கீறிப் பார்க்கப்பட வேண்டும்’ என்று மனுவிலேயே எழுதுங்கள்.

பரிசோதனை முடியும் முன் எம்பாம் செய்ய (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்ற) விடாதீர்கள்; ஃபார்மலின் ஏறினால் விஷம் கண்டுபிடிப்பது சிக்கலாகிவிடும். உள்ளுறுப்பு மாதிரிகள் மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போகும். எத்தனை பாட்டில், சீல் வைத்தார்களா, யார் எடுத்துப் போனார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உடுப்பை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை பிடித்து ரத்தக்கறை கெடும். காயவைத்துக் காகிதப் பையில் போட வேண்டும்.

உடலை வாங்கினால் எரிக்காதீர்கள், புதையுங்கள். வழக்கம் எரிப்பதாக இருந்தாலும் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க நடுவர் உத்தரவிட முடியும் (196-இன் 4-ஆம் உட்பிரிவு). மின் தகனமேடைக்குப் போன உடலுக்கு அந்த வழி இல்லை. மூலக்கொத்தளமோ காசிமேடோ, மாநகராட்சி ரசீதை வைத்துக்கொண்டு, குழி இருக்கும் இடத்தை நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து அளந்து எழுதுங்கள். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள்; வெட்டிவிடுவார்கள்.

உடலே இல்லை, பிடித்துப் போனவர் திரும்பவில்லை என்றால்? ‘ஆள் காணவில்லை’ என்று மட்டும் புகார் எழுதாதீர்கள். யார், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள் என்று எழுதுங்கள். காவலில் காணாமல் போவதும் அதே 196(2)-க்குள் வருகிறது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்குவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. எனவே அதை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம்.

கூடவே, அடையாளம் தெரியாத உடல்கள் பற்றிய விவரத்தை மார்ச்சுவரியிலும் ரயில்வே போலீஸிலும் மீன்பிடித் துறைமுக ஸ்டேஷனிலும் பாருங்கள். பச்சை குத்தியது, ஆபரேஷன் தழும்பு, பல் எக்ஸ்ரே, எலும்பில் வைத்த பிளேட் இவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தண்ணீரில் கிடந்த உடலை முகம் பார்த்து ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அம்மா, அப்பா அல்லது பிள்ளையின் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. ஒப்பிடச் சொல்லி நடுவரிடம் மனு கொடுங்கள்; முடிவு வரும்வரை உடலையும் மாதிரியையும் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேருங்கள்.