அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல்: புதிதாக வரும் பெற்றோர் அறிய வேண்டியவை

ஒன்பதாம் வகுப்பிலோ அதற்கு மேலோ பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், இயற்பியல் பாடநூலை முன்கூட்டியே வாங்கிப் படிக்கவைக்க விரும்புவது இயல்பே. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான பாடநூலோ பொதுத்தேர்வோ கிடையாது என்பதால், முதலில் உங்கள் மாநிலக் கல்வித்துறை வெளியிட்டுள்ள அறிவியல் கற்றல் தரங்களைப் படிப்பதே பயன் தரும்.

கலிஃபோர்னியா, இல்லினாய்ஸ், நியூ ஜெர்சி, வாஷிங்டன் முதலிய மாநிலங்கள் 2013-இல் வெளியான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்னும் தரங்களை ஏற்றுக்கொண்டன; டெக்சாஸும் வர்ஜீனியாவும் தமக்கெனத் தனித் தரங்களை வைத்துள்ளன. ஆகவே மாநிலம் மாறினால் இந்த ஆவணத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பாடத்தின் பெயரும் மாறக்கூடும்: கலிஃபோர்னியாவின் பல பள்ளிகளில் ‘பிசிக்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்று இருப்பது வானியல் பாடமன்று; புவி, விண்வெளி அறிவியலோடு இணைத்துக் கற்பிக்கப்படும் இயற்பியலே அது.

நெக்ஸ்ட் ஜெனரேஷன் தரங்களில் அத்தியாயப் பட்டியலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும் என்பதையே ஒவ்வொரு தரமும் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, எச்எஸ்-பிஎஸ்2-1 என்னும் குறியீடு கொண்ட தரம் (எச்எஸ் என்பது உயர்நிலைப் பள்ளியையும் பிஎஸ் என்பது இயற்பியல், வேதியியல் அடங்கிய பிசிக்கல் சயின்ஸையும் குறிக்கும்) நியூட்டனின் இரண்டாம் விதியை ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஒரு பொருளின் நிறை, அதன்மீது செயல்படும் நிகர விசை, அதன் முடுக்கம் ஆகியவற்றுக்கு இடையிலுள்ள கணிதத் தொடர்பை அவ்விதி விவரிக்கிறது என்பதைத் தரவுகளை ஆராய்ந்து நிறுவச் சொல்கிறது. சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காண்பதில் தேர்ந்த பிள்ளைகூட, சோதனையில் கிடைத்த புள்ளிகளை வரைபடமாக்கி, அதன் சாய்விலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்று எழுதும் இடத்தில் தடுமாறலாம். மதிப்பெண் பெரும்பாலும் குறைவது அங்கேதான்.

இந்தத் தரத்துக்கான மதிப்பீடு ஒரு பரிமாண இயக்கத்தோடு நின்றுவிடுகிறது. உந்தம், அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிய அளவு, மொத்தத்தில் மாறாதிருப்பதைப் பற்றிய அடுத்த தரமும் ஒரே நேர்க்கோட்டில் இயங்கும் இரண்டு பொருள்களைத் தாண்டுவதில்லை. இதைக் கண்டு பாடம் எளிது என்று முடிவு செய்துவிட வேண்டாம். எச்எஸ்-பிஎஸ்2-3, மோதலின்போது ஒரு பொருள்மீது செயல்படும் விசையைக் குறைக்கும் சாதனத்தை வடிவமைத்து, மதிப்பிட்டு, மேம்படுத்தச் சொல்கிறது. உந்த மாற்றம் அதே அளவில் இருக்க, மோதல் நேரம் நீண்டால் சராசரி விசை குறையும் என்பதை வெறுமனே அறிந்திருப்பது போதாது. முதல் வடிவம் ஏன் தோற்றது என்பதை அந்தக் கருத்தைக் கொண்டே விளக்க வேண்டும். இவ்வாறு விளக்கி எழுதும் பழக்கம் வாழ்நாள் முழுதும் உதவும் என்பது என் உறுதியான நம்பிக்கை. வீட்டில் தமிழில் பேசி யோசித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம்.

ஆற்றலுக்கும் அலைகளுக்கும் இதே முறையில் தரங்கள் உள்ளன.

ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்கள் மாநிலத் தரங்களிலிருந்து வேறானவை; காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்துபவை. ஏபி பிசிக்ஸ் 1, 2 ஆகியவை இயற்கணிதத்தையும், ஏபி பிசிக்ஸ் சி நுண்கணிதத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. மே மாதத் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பு வழங்கப்படும். பதினோராம் வகுப்பு இயற்பியலை முன்பே முடித்து வந்த பிள்ளைக்கு எது பொருந்தும் என்று, பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலரிடம் பேசும்போது, மதிப்பெண் சான்றிதழோடு பழைய பாடத்திட்டத்தையும் செய்முறைக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன படித்தார் என்பதை மதிப்பெண் மட்டும் காட்டாது. வகுப்பு தொடங்கியதும், ஆய்வக அறிக்கைகளை மதிப்பிடும் அளவுகோலான ரூப்ரிக்கை ஆசிரியரிடம் கேட்டுப் பெற்று, முதல் அறிக்கையைப் பிள்ளையோடு அமர்ந்து அதனுடன் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.