ஹெல்த் சைக்காலஜி முதுகலை தீசிஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாணவியைப் பார்த்தேன். கையில் ஜெராக்ஸ் சூடு ஆறாத படிவக் கட்டு. "பத்து நாள்ல டேட்டா முடிச்சிடுவேன்க்கா" என்றாள். மேலே இருந்த ஒரு படிவத்தை வாங்கி இரண்டாவது கேள்வியைப் படித்தேன். நான் படித்தபோது இங்கிலீஷிலிருந்து தப்பாகத் தமிழாக்கி எழுதிய அதே வாக்கியம், கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து. அவளுக்கும் எனக்கும் அறிமுகமே அன்றுதான், என் படிவத்தை அவள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியென்றால் இந்தத் தவறு வருடா வருடம் தானாகவே முளைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஹெல்த் சைக்காலஜி முதுகலை முடித்து, இப்போது தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சுகர், பிரஷர் நோயாளிகளோடு வேலை பார்க்கிறேன். டெல்டாவிலிருந்து தீசிஸ் செய்ய வரும் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் கேட்பார்கள். சாம்பிள் போதவில்லை, கைடிடம் கடைசி வாரத்தில் போய் நிற்பது, மேற்கோள் நடை தப்பு, இதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பட்டம் எதற்கு என்று தெரியாமல் சேர்வது

ஹெல்த் சைக்காலஜி எம்.எஸ்சி. முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டலாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் பயிற்சி வேண்டும், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அந்தத் தகுதியைத்தான் கேட்கிறது. சேர்ந்து ஒரு வருடம் கழித்து இது தெரிந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் படிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களும் கவனியுங்கள்: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யூஜிசி சொல்லிவிட்டது.

இது வேறு வேலை. நோயை உடம்போடு மட்டும் பார்க்காமல் மனது, குடும்பம், பிழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1977ல் ஜார்ஜ் எங்கெல் என்ற மருத்துவர் எழுதினார். அந்த இடத்தில் நிற்கும் படிப்பு இது. மாத்திரையை ஏன் விடுகிறார்கள், வலியோடு எப்படி வாழ்கிறார்கள், டயாலிசிஸுக்கு வருகிறவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் இதில்தான் வரும். அதில் ஆசை இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

கேள்வித்தாளை ஒரே ராத்திரியில் தமிழாக்குவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்காத தவறு இதுதான்.

என் தீசிஸ் சுகர் நோயாளிகளின் மன அழுத்தம் பற்றியது. ஷெல்டன் கோஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983ல் வெளியிட்ட ஸ்ட்ரெஸ் ஸ்கேல் (மன அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாள்) ஒன்று இருக்கிறது, சைக்காலஜி படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதன் பத்துக் கேள்வி வடிவத்தை எடுத்துக்கொண்டேன். பத்துக் கேள்விதானே என்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டேன், சிக்கிய இடத்தில் கூகுளைக் கேட்டேன், கைடு மறுநாள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒன்றரை மாதம், ஒரு அரசு மருத்துவமனையின் சுகர் ஓபியில் 160 பேர்.

இரண்டாவது கேள்வி, வாழ்க்கையின் முக்கியமான விஷயங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்பது. இங்கிலீஷில் கேட்டது கையை மீறிப் போன உணர்வைப் பற்றி. ஆனால் சுகர் ஓபியில் கட்டுப்பாடு என்றால் ஒரே அர்த்தம்தான், வாயைக் கட்டுவது. டாக்டர் கேட்பது அது, நர்ஸ் கேட்பது அது, சுவரில் ஒட்டியிருப்பதும் அது. வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு இட்லிதாம்மா, சீனி தொடுறதே இல்ல" என்றார். நான் 'ஒருபோதும் இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். அந்த வருடம் அவருக்குப் பயிர் போய், பெண் கல்யாணம் தள்ளிப் போயிருந்தது. அதை அவரே கிளம்பும்போது சொன்னார். என் படிவத்தில் அவருக்கு அழுத்தமே இல்லை.

ஐந்தாவது கேள்வி இன்னும் மோசம். இங்கிலீஷ் வழக்கை அப்படியே கொண்டுவந்து 'விஷயங்கள் உங்கள் வழியில் செல்வதாக' என்று எழுதியிருந்தேன். மடியில் வயர் கூடையும் அதற்குள் சோத்து டப்பாவுமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "எந்த வழியா பாப்பா?" என்று கேட்டார். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. "சும்மா சொல்லுங்கம்மா, அடிக்கடியா எப்பவாவதா?" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடிக்கடின்னு போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

எட்டாவது கேள்வியில் 'விஷயங்களுக்கு மேலே இருப்பதாக' என்று எழுதியிருந்தேன். இதற்கெல்லாம் நம்மிடம் சொல் இல்லையா? நினைத்தது நினைத்தபடி நடக்கிறது, சமாளித்துவிடலாம் என்று இருக்கிறது, கையை மீறிப் போய்விட்டது, தலைக்கு மேல் போய்விட்டது. என் அம்மா ஒரு நாளில் நாலு தடவை சொல்கிற வார்த்தைகள். பேனாவைக் கையில் எடுத்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டு, கேள்வித்தாள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்த ஸ்கேலில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நல்லவிதமாகக் கேட்கும் கேள்விகள், ஸ்கோரைத் திருப்பிப் போட வேண்டும். அதைச் சரியாகச் செய்தேன். செய்தும், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரோன்பேக் ஆல்பா 0.41 வந்தது. 0.7க்குக் குறைந்தாலே கேள்வி கேட்பார்கள். பத்துக் கேள்வியும் ஒரே விஷயத்தைத் தொடவில்லை என்பதுதான் அதன் அர்த்தம், சில கேள்வி சாப்பாட்டைக் கேட்டது, சில கேள்வி எதையுமே கேட்கவில்லை. தீசிஸை மறுபடி முதலிலிருந்து செய்தேன், ஒரு செமஸ்டர் போனது. அதுகூடப் பரவாயில்லை. வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, எனக்காக இருபது நிமிடம் உட்கார்ந்த 160 பேரின் பேச்சு வீணாகிப் போனது, அதற்கு நான் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளுக்குத் தமிழ் வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோதே பங்கெடுத்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று, அதனால் தமிழ் அதில் முதலிலிருந்தே உண்டு. அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கையில் இருப்பதை விட்டுவிட்டு நாமே எழுத உட்காருவது எதற்கு?

எதுவும் இல்லாவிட்டால் இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், அதில் ஒருவர் சைக்காலஜி படிக்காதவராக இருப்பது நல்லது, கிராம செவிலியர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டையும் வைத்து ஒன்றாக்கி, இங்கிலீஷ் மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஆளிடம் கொடுத்து மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். 1970ல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து பரவிய முறை, எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இத்தோடு நிறுத்தியும் விடுகிறார்கள். இங்கேதான் ஏமாறுவீர்கள். 'விஷயங்கள் உங்கள் வழியில் செல்வதாக' என்பதை இங்கிலீஷ் தெரிந்த யாரிடம் கொடுத்தாலும் மூல வாக்கியமே பத்திரமாகத் திரும்பி வரும். மொழிபெயர்ப்பு எவ்வளவுக்கு எவ்வளவு மோசமோ அவ்வளவு சுலபமாக அந்தச் சோதனையைத் தாண்டிவிடும்.

அதனால் அசல் ஆட்களிடம் போங்கள். ஓபியில் பத்துப் பேர் போதும். கேள்வியைப் படித்துவிட்டு, "இது என்ன கேக்குதுன்னு உங்களுக்குப் புரியுது? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பாதி நேரம் அதுதான் சரியான தமிழாக்கமாக இருக்கும். 'கடந்த ஒரு மாதத்தில்' என்பதும் பலருக்குப் பிடிபடாது. ஆடிப்பெருக்குக்கு அப்புறம், போன அமாவாசைக்கு அப்புறம் என்று ஒரு நாளைத் தொட்டுக் காட்டினால் நினைவு வந்துவிடும். பதில் சொல்ல ஐந்து படி இருக்கிறதே, அதற்கு நான் இப்போது ஐந்து டம்ளர் வரைந்த அட்டை ஒன்று வைத்திருக்கிறேன், காலி டம்ளரில் தொடங்கி வழிய வழிய நிரம்பியது வரை. விரலை வைத்துக் காட்டிவிடுகிறார்கள். 'எப்போதாவது'க்கும் 'சில சமய'த்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

வெள்ளை கோட்

போடாதீர்கள். டாக்டர் என்று நினைத்து எல்லோரும் மாத்திரை தவறுவதே இல்லை என்பார்கள்.

'விழிப்புணர்வு இல்லை' என்று முடிப்பது

நான் புரட்டிப் பார்க்கும் தீசிஸ்களில் பாதிக்கு மேல் கடைசிப் பக்கம் ஒன்றுதான்: நோயாளிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை, முகாம் நடத்த வேண்டும். நீடாமங்கலம் பக்கம் நடவுக்குப் போகும் ஒரு அக்காவுக்குத் தன் மாத்திரையின் பெயர், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, கடைசியாகப் பார்த்த சுகர் எவ்வளவு, எல்லாம் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் வேலை நாளில் போடுவதில்லை. ஐந்தரை மணிக்கு ஆள் வண்டி வந்துவிடும், கஞ்சி குடிக்கப் பத்து மணி ஆகும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் குனிந்து நட்டால் சுகர் இறங்கும். ஒரு தடவை கண் இருட்டி வரப்பில் உட்கார்ந்துவிட்டார், அன்றிலிருந்து தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். இதில் எங்கே அறியாமை? டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். சொல்ல வைத்தோம். மாத்திரையும் நேரமும் மாறின.

ஜனங்கள் ஏன் சிகிச்சையைத் தேடி வருகிறார்கள், ஏன் வருவதில்லை என்று விளக்க நீங்கள் மனப்பாடம் செய்யும் ஹெல்த் பிலீஃப் மாடலே இங்கிருந்துதான் கிளம்பியது. 1950களில் அமெரிக்க பொதுச் சுகாதாரத் துறையில் ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்றவர்கள், காசநோய்க்கு எக்ஸ்ரே இலவசமாக எடுக்கிறோம் என்றாலும் ஜனங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். எது தடுக்கிறது என்பது அந்த மாடலில் ஒரு கட்டமாகவே இருக்கிறது. தியரி அத்தியாயத்தில் அந்தப் படத்தை வரைந்துவிட்டு, முடிவு அத்தியாயத்தில் நோயாளியைக் குறை சொன்னால் நடுவில் என்ன படித்தோம்?

காலமும் நேரமும் பார்க்காமல் போவது

உங்கள் செமஸ்டர் அட்டவணைக்கு வயல் காத்திருக்காது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவை வேலை ஓடும், தை மாசியில் சம்பா அறுவடை. அந்த நாட்களில் ஓபிக்குப் போனால் வயதானவர்களும் டவுன்காரர்களும்தான் இருப்பார்கள், நடவு ஆள் ஒருவர்கூட அகப்பட மாட்டார், அப்புறம் தலைப்பில் 'விவசாயத் தொழிலாளர்கள்' என்று எப்படிப் போடுவீர்கள்?

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. காலையில் வெறும் வயிற்று ரத்தம் கொடுக்க நிற்பவரிடம் படிவத்தை நீட்டாதீர்கள். பசியில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். சாப்பிட்டுவிட்டு அடுத்த ரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள் பாருங்கள், அதுதான் உங்கள் நேரம். நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், பேசவும் விருப்பமாக இருக்கும்.

பக்கத்தில் மருமகள் நிற்கும்போது கேட்பது

பதில் மருமகளுடையதாக இருக்கும்.

எத்திக்ஸ் கமிட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்வது

அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் ஒரு படிவம்கூடக் கொடுக்கக் கூடாது.

ஸ்கேல் யாருடையது என்று பார்க்காதது

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று அளக்க எல்லோரும் மோரிஸ்கியின் எட்டுக் கேள்வி ஸ்கேலைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். வாங்காமல் வெளியிட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வைத்திருக்கிறார்கள். நெட்டில் கிடைத்தது என்பதால் இலவசம் என்று ஆகிவிடாது.

பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வியைச் சாதாரணமாகக் கேட்பது

அந்தக் கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஆமாம் என்று சொன்னால் அடுத்த நிமிடம் நீங்கள் என்ன செய்வீர்கள்? என்னிடம் வந்த ஒரு தம்பி டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போயிருக்கிறான், ராத்திரி ஸ்கோர் கூட்டும்போதுதான் கவனித்திருக்கிறான். அந்த நோயாளியின் ஊர்கூட அவனிடம் இல்லை. மூன்று நாள் ஓபியில் தேடினோம்.

படிவத்தைக் கொடுக்கும் முன்பே அந்த மருத்துவமனையின் மனநல மருத்துவரை நேரில் பார்த்து, இப்படி ஒருவர் சொன்னால் எந்த அறைக்கு, யாரிடம் கூட்டிவர வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது பதிலை அங்கேயே பாருங்கள். ஆமாம் என்றால் பேட்டியை நிறுத்திவிட்டு, கூடவே நடந்து கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதை ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் பெரிய எழுத்தில் அச்சடித்து, அந்தத் துண்டைக் கிழித்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.